ஒத்த பெயரும் ஒட்டிய பெயரும்

விழுப்புரம் மாவட்டத்தில் தளவானூர் என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு. ஒன்று கல்லால் அறியப்பெறுவது. மற்றொன்று நீரால் அறியப்பெறுவது. செஞ்சிக்குத் தென்கிழக்கே, மண்டகப்பட்டுக்கு அண்மையிலுள்ள தளவானூரில், பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த குடைவரைக் கோயில் இருக்கின்றது. தென்பெண்ணைக் கரையிலுள்ள மற்றைத் தளவானூரிலோ, கடலூர் மாவட்டத்து எனதிரிமங்கலத்தை எதிர்க்கரையாகக் கொண்டு, ஏறத்தாழ 25 கோடி உருபாவில் ஒரு தடுப்பணை கட்டப்பெற்றது. 2020ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அவ்வணை 2021 சனவரியிலேயே உடைந்தது. ஒரு தளவானூரின் கல் 1400 ஆண்டுகளாக நிற்கின்றது; மற்றொரு தளவானூரின் கட்டடம் ஓராண்டும் நிற்கவில்லை.

இவ்விரண்டையும் காட்டி, “பார்த்தீர்களா! தமிழ்ப்பெயர்கள் எத்துணை மயக்கம் தருவன! ஒரே மாவட்டத்தில் ஒரே பெயரில் இரண்டு ஊர்கள்! வடமொழிப் பெயரோ ஆங்கிலப் பெயரோ இருந்தால் தெளிவாக இருக்குமே!” என்று கூறும் மேதாவிகள் நாட்டில் உளர். அவர்கள் கூற்று உண்மைக்கு நேர்மாறானது. பெயரொப்புமை இருவகைப்படும். நிலமும் நீரும் ஒத்திருப்பதால் பெயரும் ஒத்து வருவது ஒருவகை. ஒரே கதையை ஊர்தோறும் சுமந்துசென்று, அங்கங்கே இருந்த பெயரை மறைத்து ஒட்டிவிடுவது மற்றொருவகை. முன்னது ஒத்த பெயர். பின்னது ஒட்டிய பெயர். ஒத்த பெயர் நிலத்தைப் படிக்கக் கற்பிக்கும். ஒட்டிய பெயர் நிலத்தை மறக்கக் கற்பிக்கும். இவ்வேறுபாட்டை உணராதவன், தன் ஊர்ப் பாறையின் பெயரையும் தன் ஊர் வாய்க்காலின் பெயரையும் பிறனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, விட்டுக்கொடுத்ததையும் அறியாமல் வாழ்வான். இன்றைத் தமிழன் பெரும்பாலும் அவ்வாறே வாழ்கின்றான்.

முதற்கண் ஒத்த பெயரைக் காண்க. தமிழகத்தில் வெள்ளாறுகள் இரண்டு. பரங்கிப்பேட்டையருகே கடல்சேர்வது வடவெள்ளாறு. புதுக்கோட்டைச் சீமை வழியோடி, சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் எல்லையாய் நின்றது தென்வெள்ளாறு. பெண்ணைகள் இரண்டு. நெல்லூர் வழியே கடல்சேர்வது வடபெண்ணை. திருக்கோவலூரைத் தழுவிக் கடலூர்ப் பக்கம் கடல்சேர்வது தென்பெண்ணை. இரண்டும் கன்னட நாட்டு நந்திமலைப் பக்கத்திலேயே பிறக்கின்றன. மலட்டாறு என்னும் பெயர் தென்பெண்ணையின் கிளை ஒன்றற்கும் உண்டு. முகவை மாவட்டத்து ஆறு ஒன்றற்கும் உண்டு. நீரற்றுக் கிடக்கும் ஆற்றை மலடு என்றான் உழவன். எங்கெல்லாம் ஆறு வறண்டதோ அங்கெல்லாம் அச்சொல் தானே பிறந்தது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. மயக்கம் நேரும் இடத்தில் ‘வட’ என்றும் ‘தென்’ என்றும் ஓர் அடையைச் சேர்த்தான், மயக்கம் ஒழிந்தது. இதுவே தமிழ் முறை. தளவானூர்ப் பெயரையும் தளவம் என்னும் முல்லைக்கொடியொடு பொருத்தலாம். தளவாய் என்னும் படைத்தலைவன் பெயரொடும் பொருத்தலாம். எவ்வாறு பொருத்தினும், ‘பாறைத் தளவானூர்’, ‘ஆற்றுத் தளவானூர்’ என்று சொன்ன அளவிலே சிறுபிள்ளைக்கும் அவை விளங்கிவிடும்.

இனி ஒட்டிய பெயரைக் காண்க. செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி, வீடூர் அணையில் தொண்டியாற்றொடு கலந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடல்சேரும் ஆற்றுக்குச் செஞ்சியாறு என்பது மக்கள் வழக்கு. எங்கிருந்து வருகின்றது அந்நீர் என்பதை அப்பெயரே சொல்லிவிடும். ஏட்டிலும் நிலப்படத்திலுமோ அது ‘வராகநதி’. வராகம் என்பது பன்றி. செஞ்சியாற்றுக்கும் பன்றிக்கும் உள்ள தொடர்பை ஆற்றுநீரில் தேடினால் கிடைக்காது. கரையில் தேடினாலும் கிடைக்காது. கதையில் தேடினால்தான் கிடைக்கும். அஃதும் போகட்டும். தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தின் வழியோடும் ஆற்றுக்கும் வராகநதி என்றே பெயர். ஆந்திர நாட்டிலும் வராகநதி ஒன்று உண்டு. மூன்று ஆறுகளும் மூன்று மலைகளில் பிறப்பன. மூன்று நிலங்களில் ஓடுவன. நீரால் ஒன்றாதவற்றைப் பெயரால் ஒன்றாக்கிவிட்டது பழங்கதை. மயக்கம் தருவது எது? செஞ்சியாறா, வராகநதியா?

இவ்வொட்டுவேலை மூன்று சூழ்ச்சிகளால் நடந்தேறியது. முதற்சூழ்ச்சி பொருளைப் பெயர்ப்பது. திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆனது. திருமறைக்காடு வேதாரணியம் ஆனது. மயிலாடுதுறை மாயூரம் ஆனது. பெயர்த்தவன் மொழிபெயர்ப்பைச் செய்ததொடு நில்லாமல், மூலத்தையே மறைத்து, மொழிபெயர்ப்பே மூலம் என்றும் நம்பவைத்தான். இரண்டாஞ்சூழ்ச்சி ஒலியைத் திரிப்பது. பெண்ணை பினாகினி ஆயிற்று. கடற்கரைப் பாறையூராகிய மாமல்லபுரம் மகாபலிபுரம் ஆயிற்று. மல்லன் போய், கதையில் வரும் மாவலி வந்து அமர்ந்தான். மூன்றாஞ்சூழ்ச்சி கதையை ஏற்றுவது. திருவதிகையைத் தழுவியோடும் கெடிலத்திற்குக் கருடன் கதையைக் கட்டிக் ‘கருடநதி’ என்றார்கள். செஞ்சியாற்றங்கரையிலுள்ள திருவக்கரையில், ‘கரை’ என்னும் சொல் கண்முன் நிற்கவும், வக்கிராசுரன் என்னும் அரக்கனைக் கொணர்ந்து ஊர்ப்பெயருக்கு உரிமையாளன் ஆக்கினார்கள்.

ஆனால் அதே திருவக்கரையில் மக்கள் நாவில் பிறந்த மற்றொரு பெயர் இருப்பதைக் காண்க. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகட்கு முன் மண்ணுள் புதைந்து கல்லாய் மாறிய மரங்கள் அவ்வூரில் கிடக்கின்றன. 1940ஆம் ஆண்டிலிருந்து அரசின் நிலப்பொதியியல் துறை அவ்விடத்தைக் காத்து வருகின்றது. அறிவியலார் பக்கம் பக்கமாக விளக்கும் அவ்வுண்மையைத் தமிழ் மக்கள் ‘கல்மரம்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கினார்கள். அரக்கன் கதையால் அவ்வூரைப் பற்றி அறியப்படுவது ஒன்றுமில்லை. கல்மரம் என்னும் சொல்லாலோ அவ்வூரின் தனிச்சிறப்பு முழுதும் அறியப்படுகின்றது. படித்தவன் ஒட்டிய பெயருக்கும் படியாதவன் ஒத்த பெயருக்கும் உள்ள தொலைவு இவ்வளவே.

தளவானூர்ப் பாறைக்கு மீள்வோம். குடைவரை அமைந்த அக்குன்றின் பெயர் யாது? ‘பஞ்சபாண்டவ மலை’! பாண்டவர் என்பார் வடநாட்டுக் கதைமாந்தர். அவர்க்கும் செஞ்சிச் சீமைக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை. அது மட்டுமா? ஆர்க்காட்டுப் பக்கத்திலும் ஒரு பஞ்சபாண்டவ மலை உண்டு. அதன் கல்வெட்டுகளைப் படித்தோர், அதன் பழம்பெயர் ‘திருப்பான்மலை’ எனவும், அது சமணர் தவமிருந்த இடம் எனவும் கண்டனர். மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், 2000 ஆண்டுகட்கும் முற்பட்ட தமிழி எழுத்துப் பொறித்த கற்படுக்கைகள் உள்ளன. துறவியர்க்கு அவற்றை வெட்டிக் கொடுத்தோர் தமிழ் வணிகரும் தமிழ்த் தலைவரும் ஆவர். அவர்தம் பெயர்கள் கல்லிலேயே இருக்கின்றன. இருந்தும் அவை ‘பஞ்சபாண்டவர் படுக்கை’! கடற்கரைக்குச் சென்றாலும் விடுதலை இல்லை. மல்லைக் கடற்கரையில் ஒற்றைக்கல்லில் செதுக்கிய ஐந்து கோயில்களும் பாண்டவர் தேர்கள். அங்குள்ள குடைவரை ஒன்று பஞ்சபாண்டவர் மண்டபம். புடைப்புச் சிற்பப் பெரும்பாறை அருச்சுனன் தவம். செதுக்கிய தமிழ்க் கைகளுக்கு அங்கே பெயரில்லை. கதையில் மட்டும் வாழ்ந்தவர்க்கு ஐந்தும் உரிமை!

உள்நாட்டுத் தளவானூர்ப் பாறைக்கும் கடற்கரை மல்லைப் பாறைக்கும் மதுரைக் குன்றுகட்கும் ஒரே பெயர் எங்ஙனம் வந்தது? நிலம் ஒத்ததால் வந்ததா? இல்லை. சமணப் பள்ளி, பல்லவர் குடைவரை, ஒற்றைக்கல் கோயில் என்று மூன்றும் மூவேறு பொருள்கள். மூன்றையும் செய்தவர் யார் என்பதை மக்கள் மறந்த பின், மறதி என்னும் பசை தடவி ஒட்டிய பெயர் அது. பாண்டவர் பெயர் தாங்கிய பாறை ஒவ்வொன்றும், அவ்விடத்தில் ஒரு தமிழ் வரலாறு மறைந்து கிடக்கின்றது என்பதற்கு அடையாளம்.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றம் இதற்கு மாறான எடுத்துக்காட்டு. 57 நாள் உண்ணாநோன்பிருந்து சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் உயிர்நீத்த செய்தியைத் தாங்கிய பழங்கல்வெட்டு அங்கே உள்ளது. பாறையில் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் உருவங்களும் உள்ளன. குன்றம் என்னும் தமிழ்ச்சொல்லும் நிலைத்தது. அங்கு நிகழ்ந்த வரலாறும் மறையவில்லை. பெயர் காத்த இடத்தில் வரலாறு காக்கப்பெற்றது; பெயர் இழந்த இடத்தில் வரலாறும் இழக்கப்பெற்றது.

தளவானூர்க் குடைவரையில் உள்ள கல்வெட்டுகளே இவ்வழக்கிற்குத் தலைசிறந்த சான்று. அங்கு வடமொழிச் செய்யுள் ஒன்று உண்டு. தமிழ் வெண்பா ஒன்றும் உண்டு. இரண்டும் பல்லவ வேந்தனைப் புகழ்கின்றன. சத்துருமல்லன் என்னும் தன் பட்டப்பெயரால் அவன் இறைவனுக்கு இடம் அமைத்தான் என்பதை இரண்டும் கூறுகின்றன. ஆனால் எங்கே அமைத்தான்? வடமொழிச் செய்யுள் ‘இம்மலையில்’ என்பதொடு நின்றுவிடுகின்றது. அச்செய்யுளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடுவானுக்கு உலகத்து மலைகளெல்லாம் ‘இம்மலை’யே. தமிழ் வெண்பாவோ, வெண்பேடு என்னும் ஊரின் தென்பக்கத்தில் என்று ஊரும் திசையும் கூறுகின்றது. அதனைச் சொன்னவன் செல்லன் சிவதாசன் என்பதும் கல்லில் உள்ளது. எழுத்தமைதி கொண்டு, தமிழ் வெட்டு வடமொழி வெட்டினும் பிந்தியது என்பார் உளர். முந்தினாலும் பிந்தினாலும் உண்மை மாறாது. வேந்தனைப் புகழ வடமொழி போதுமாயிருந்தது. நிலத்தைக் காட்டத் தமிழ் வேண்டியிருந்தது. மண்ணில் காலூன்றிய மொழிக்குத்தான் மண்ணின் முகவரி தெரியும்.

செஞ்சிக் கோட்டை மலைகளையே எடுத்துக்கொள்க. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி எனப் பெயர்கள். ‘கிருட்டிணகிரி’ என்றால் செஞ்சி மலையா, 2004ஆம் ஆண்டு தனி மாவட்டமான கிருட்டிணகிரி நகரமா? ‘சந்திரகிரி’ என்றால் செஞ்சி மலையா, திருப்பதிக்கு அண்மையிலுள்ள கோட்டையா, கன்னட நாட்டுச் சமணக் குன்றா, மலையாள நாட்டுக் காசர்கோட்டில் ஓடும் ஆறா? ஆம், காசர்கோட்டில் சந்திரகிரி என்பது ஆற்றின் பெயர்! கிரி என்றால் மலை என்பதுதானே அகராதி? மலையென்று பொருள்படும் சொல்லே ஆற்றுக்கும் பெயராய் நிற்கும்போது, கல்லும் நீரும் வேறுபாடின்றிப் போயின. தமிழில் குன்று வேறு, மலை வேறு, பாறை வேறு, அறை வேறு. செஞ்சிக் கிருட்டிணகிரியை மக்கள் இராணிக்கோட்டை என்றும் வழங்கினர். எந்த ஊரில் யாரைக் குறித்துப் பிறந்த பெயர் என்பது அதில் தெரிகின்றது.

செஞ்சியாற்றின் வழியே கடற்கரைக்குச் சென்றால், அங்குத் தமிழ்ப்பெயர்களை மறைத்து நிற்பவர் வடவர் மட்டுமல்லர். ஆங்கிலரும் சேர்ந்து நிற்கின்றனர். செஞ்சியாறு கடலை அணுகும்போது சுண்ணாம்பாறு, அரியாங்குப்பத்தாறு என இரு கிளைகளாய்ப் பிரிகின்றது. அங்கு வராகமும் இல்லை, சங்கராபரணியும் இல்லை. மீன்பிடிப்பாரும் படகோட்டுவாரும் வழங்கும் பெயர்களே நிற்கின்றன. அதற்கு வடக்கே மரக்காணத்துப் பக்கம் பரந்து கிடப்பது கழுவெளி. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது அறிஞர் பலர் கொள்கை. கடல்நீரும் மழைநீரும் கலந்து நிற்கும் கழியும், கண்ணுக்கெட்டிய அளவு விரிந்த வெளியும் சேர்ந்த இடத்திற்கு எத்துணைப் பொருத்தமான பெயர்! ஆங்கில எழுத்தில் ழகரம் எழுத வழியில்லாமையால் அது கலிவெளி ஆயிற்று. தமிழரும் ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தம் ஊர்ப்பெயரைத் திருப்பிப் படிக்கலாயினர். 2021ஆம் ஆண்டின் இறுதியில் அது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது. பறவைக்குக் காப்பு வந்தது. பெயருக்குக் காப்பு வரவில்லை.

அதே மரக்காணத்தின் வழியே செல்லும் நீர்வழியின் பெயர் பக்கிங்காம் கால்வாய். 1876 முதல் 1878 வரை தமிழகத்தைத் தின்ற பெரும்பஞ்சத்தை மக்கள் இன்றும் தாது ஆண்டுப் பஞ்சம் என்பர். அப்பஞ்சத்தில், எலும்பும் தோலுமாய்ச் சென்னைக்கு வந்த உழவரைக் கூலிக்கு வைத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்க ஏறத்தாழ 5 கல் தொலைவு வெட்டுவித்தனர். அதன்பின் முழுக் கால்வாய்க்கும் அன்றை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பெற்றது. மண் சுமந்தவன் தமிழன். பெயர் சுமப்பது ஆங்கிலன். இன்று அக்கால்வாய் சென்னையில் சாக்கடையாய்க் கிடக்கின்றது. பெயர் மட்டும் கோமகனாய் இருக்கின்றது!

இன்னும் தெற்கே சென்றால் தமிழகத்தையும் ஈழத்தையும் இணைக்கும் கடற்பகுதி. அதற்குப் ‘பாக்கு நீரிணை’ எனப் பெயர். 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராயிருந்த இராபர்ட்டு பாக்கு என்பவன் பெயர் அது. இச்செய்தி அறியாத பள்ளிப் பிள்ளை, ‘பாக்கு நீரிணை இங்கே, வெற்றிலை நீரிணை எங்கே?’ என்று கேட்டால், ஆசிரியர் சினப்பதற்கு என்ன உரிமை உண்டு? பூம்புகாரிலும் கொற்கையிலும் கலம் விட்ட இனத்தின் கடலுக்கு, சில ஆண்டுகளே ஆண்டுவிட்டுப் போனவன் பெயர்!

அந்நீரிணையின் தென்கோடியில் தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையே மணல்மேடுகள் வரிசையாய்க் கிடக்கின்றன. அவற்றை வெள்ளையர் ஆதம் பாலம் என்றனர். வடவர் இராமர் பாலம் என்றனர். 2005 சூலை 2ஆம் நாள் மதுரையில் கடல்வழித் திட்டத்திற்குத் தொடக்கவிழா நடந்தது. பின் அது புதுதில்லி வரை வழக்காயிற்று. நாடே பாலம், பாலம் என்று பேசியது. இரு கரைகளிலும் உள்ள தமிழ் மீனவர் அவற்றைத் தீடை என்பர், திட்டு என்பர், முதலாவது, இரண்டாவது என எண்ணிட்டு வழங்குவர். எந்தத் தீடையருகே எப்பொழுது நீரோட்டம் மாறும் என்பதை அறிந்தவர் அவரே. ஒருவன் பெயர் ஒரு மதத்தின் முதல் மாந்தனைச் சொல்கின்றது. மற்றவன் பெயர் மற்றொரு மதத்தின் வேந்தனைச் சொல்கின்றது. தமிழ் மீனவன் பெயரோ கடலில் கிடக்கும் மணலைச் சொல்கின்றது. மூன்றில் எது அறிவு? எது நிலநூல்?

இவ்வறிவை ஆங்கில அறிவியலாரே ஒப்புக்கொண்ட இடமும் உண்டு. மன்னார்க் கடலில் முத்துச்சிப்பி படியும் அடிநிலப் பாறைகளுக்குப் ‘பார்’ என்பது பரதவர் வழக்கு. தூத்துக்குடிப் பக்கம் தொள்ளாயிரம் பார். ஈழக்கரைப் பக்கம் பெரிய பார். 1903 முதல் 1906 வரை முத்துக்குளிப்பைப் பற்றி விரிவான அறிக்கைத் தொகுதிகளை வெளியிட்ட ஏர்டுமன் என்னும் ஆங்கில அறிஞர், அப்பாறைகளைப் பார் என்னும் தமிழ்ச்சொல்லாலேயே எழுதினார். வேறு சொல் அவர்க்குக் கிடைக்கவில்லை. நிலத்தில் இருந்தால் பாறை. கடலடியில் இருந்தால் பார். ஒரே வேரில் முளைத்த இரண்டு சொற்கள்! தளவானூர்ப் பாறையில் ஆடுமேய்ப்பவனும் தூத்துக்குடிப் பாரில் முத்துக்குளிப்பவனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும் ஒரே சொல்லால் கல்லை அறிந்தார்கள். ஒத்த பெயர் என்பது இதுவே. அது ஓர் இனத்தின் ஒற்றுமைக்குக் கல் தரும் சான்று.

இதற்கு மறுப்பாக மூன்று கூறுவர். “பெயரில் என்ன இருக்கின்றது? அடையாளம்தானே?” என்பது முதல் மறுப்பு. பெயரில் ஒன்றுமில்லையாயின், திருமுதுகுன்றத்தை விருத்தாசலம் ஆக்க ஏன் பாடுபட்டார்கள்? ஒன்றுமில்லாத ஒன்றைப் பறிக்க எவனும் முயலான். “மக்களே வராகநதி என்று சொல்லப் பழகிவிட்டனரே!” என்பது இரண்டாம் மறுப்பு. மாயூரம் என்று சொல்லியும் மக்கள் பழகியிருந்தனர். 1982ஆம் ஆண்டு மயிலாடுதுறை என்று மீட்டபின், எந்த வண்டியும் வழிதவறவில்லை; எந்த அஞ்சலும் தொலையவில்லை. 1969 சனவரி 14ஆம் நாள் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று, உலகம் கவிழவில்லை. பழக்கம் என்பது அடிமைத்தனத்திற்கு உரிமைச்சீட்டு ஆகாது.

“தனித்தமிழார் எல்லாப் பெயருக்கும் வலிந்து தமிழ்வேர் காட்டுவர்” என்பது மூன்றாம் மறுப்பு. இதற்கு மட்டும் தமிழன்பர் நின்று விடையிறுக்க வேண்டும். ஏனெனில் இம்மறுப்பில் ஓரளவு உண்மை உண்டு. சான்றின்றி வேர் காட்டுவது வடவன் கதை ஏற்றியதற்கு ஒப்பான குற்றமே. பன்றிக் கதையை மறுப்பவன் தானொரு கதையைக் கட்டலாகாது. 1916இல் மறைமலையடிகளார் தொடங்கிய இயக்கத்திற்குப் பாவாணர் தந்த படைக்கலம் சொல்லாராய்ச்சியே. வெறும் முழக்கம் அன்று. இரா. பி. சேதுப்பிள்ளை 1946இல் வெளியிட்ட ‘ஊரும் பேரும்’ என்னும் நூல், கல்வெட்டையும் இலக்கியத்தையும் அடிப்படையாகக் கொண்டு பெயர்களை விளக்கியது. அவ்வழியே செல்லும் வழி. தளவானூர்க்குத் தளவமா தளவாயா என்பதைக் கல்வெட்டும் ஆவணமும் முடிவு செய்யட்டும். செஞ்சியாற்றுக்கோ, திருப்பான்மலைக்கோ, முதுகுன்றத்துக்கோ அவ்வையமே இல்லை. மக்கள் நாவிலும் கல்லிலும் பாட்டிலும் அவை இருக்கின்றன. இருப்பதை மீட்கவே நாள் போதாதபோது, இல்லாததைப் புனைய எவனுக்கு நேரம் உண்டு?

மேலும், விரைந்து செய்யும் வேலை வீணாகும் என்பதற்கு அரசே சான்று. 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழொலிக்கேற்ப மாற்றுவதாக 2020 சூனில் வெளியிட்ட ஆணையைச் சில நாள்களிலேயே அரசு மீட்டுக்கொண்டது. நோக்கம் நன்று, ஆராய்ச்சி போதவில்லை. அவ்வாணையும் ஊர்களைப் பற்றியதே. ஊரைச் சூழ்ந்த பாறையையும் ஓடையையும் கழியையும் பற்றி எண்ணிப் பார்த்தவர் யார்?

எண்ணிப் பார்க்க வேண்டிய நெருக்கடி இப்போது வந்துவிட்டது. கல்லுடைக்கும் பொறிகள் மலைகளை மென்று துப்பும் காலம் இது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் பாறைக்குப் பெயர் இல்லை. புல எண்தான் உண்டு. ‘கல்லாங்குத்து’ என்று ஒரு வகைப்பாடு உண்டு. எண்ணை ஏலம் விட எவர்க்கும் நெஞ்சு நடுங்காது. பெயருள்ள பாறையை வெட்ட வந்தால், அப்பெயரைச் சொல்லி வளர்ந்த ஊர் தடுக்க எழும். திருக்கோவலூரில் பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை நிற்கின்றது. பாரியின் மகளிரைக் காத்த கபிலர் உயிர்விட்ட இடம் அது என்பது ஊர்மரபு. முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு அதனைக் கபிலக்கல் என்கின்றது. ஆயிரம் ஆண்டாக எத்தனை வெள்ளம் அவ்வாற்றில் வந்தது! கல்லும் நின்றது, பெயரும் நின்றது. பெயர் நின்றதனால் அக்கல்லைக் காப்பாரும் நின்றனர். அப்பாறைக்குப் பெயர் இல்லாதிருந்தால், அது என்றோ சாலைக்குச் சல்லியாய்ப் போயிருக்கும்.

செய்ய வேண்டுவன அரியன அல்ல. ஒவ்வொரு தமிழன்பரும் தம் ஊரிலுள்ள பாறை, குன்று, ஓடை, வாய்க்கால், ஏரி, மடு, துறை ஆகியவற்றின் மக்கள் வழக்குப் பெயர்களை முதியோர் வாய்க்கேட்டு எழுதுக. ஆடு மேய்ப்போரிடம் கேட்க. ஏரிநீர் பாய்ச்சுவோரிடம் கேட்க. கடற்கரையாயின் வலை வீசுவோரிடம் கேட்க. அவர்கள் நாவில் உள்ளது எந்த நிலப்படத்திலும் இல்லை. எழுதியதை ஊராட்சி மன்றத்தில் தீர்மானமாக்குக. பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊர்ப்படம் வரைவிக்க. ஏட்டில் வராகநதி என்றிருப்பினும் எழுத்தில் செஞ்சியாறு என்றே எழுதுக. பேச்சில் செஞ்சியாறு என்றே சொல்லுக. பஞ்சபாண்டவ மலை என்று பலகை நட்ட இடத்தில், இது பல்லவன் குடைவித்த தளவானூர்க் குன்றம் என்றோ, இது சமணர் தங்கிய கற்படுக்கை என்றோ உண்மையை எழுதிவைக்க வேண்டுமென்று உரியோரிடம் கேட்க. கேட்டுப் பெறாவிடின், மீண்டும் கேட்க.

முதியோர் ஒருவர் மறையும்போது அவரொடு பத்துப் பாறைகளின் பெயர் மறைகின்றது. இருபது வாய்க்கால்களின் பெயர் மறைகின்றது. மறைந்த இடத்தில் ஒட்டுவதற்குப் பாண்டவரும் பன்றியும் ஆளுநரும் அணியமாய் நிற்கின்றனர். பெயரைப் பறிகொடுத்தவன் அடுத்துக் கல்லைப் பறிகொடுப்பான். அதன்பின் நீரைப் பறிகொடுப்பான். தளவானூர்ப் பாறையில் அன்று செல்லன் சிவதாசன் ஊரும் திசையும் தமிழில் சொல்லிவைத்தான். அவன் சொன்னதனாலேயே வெண்பேடு என்னும் பெயர் இன்று கற்பவர் கண்ணில் படுகின்றது. இன்றைத் தமிழன் தன் ஊர்ப் பாறைக்கும் தன் ஊர் ஆற்றுக்கும் அவ்வளவேனும் செய்க.

கல் தமிழ் பேசட்டும்! நீர் தமிழ் பேசட்டும்! தமிழன் முதலில் பேசட்டும்!